இரண்டாம் மாடியில் நின்ற மூச்சு

அம்மாவை எரித்துவிட்டு வந்த அன்று பின்னேரம் அப்பா எனக்கு ஒரேயொரு வேலையைத்தான் தந்தார். மண்டபம் எடுப்பது, சமையலுக்குச் சொல்வது, ஐயரோடு கதைப்பது எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நீ எழுது," என்றார். "நீதானே படிச்சனி."

எழுதவேண்டியது நினைவுமலர். எங்கள் ஆட்களில் யாராவது செத்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிற சனத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கவேண்டும். முன்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், நடுவில் செத்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. ஊரில் இதைக் கல்வெட்டு என்பார்கள். ஒஸ்லோவுக்கு வந்தும் இந்த வழக்கம் எங்களை விடவில்லை. எங்கள் வீட்டு ஷோகேஸில் கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்கே இருந்தது. அப்பாவுக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து ஆளைச் சொல்வார். ஆனால் ஒன்றையும் எறிய விடமாட்டார்.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடப் படியே மிதித்ததில்லை. அப்பா நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்று, அம்மாவையும் என்னையும் இங்கே எடுப்பித்து, பிறகு ஒஸ்லோவில் அம்மாவும் அப்பாவுமாக கிளீனிங் செய்து, என்னைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை நான் ஒரு கிழமை தவறவிட்டாலும் வீட்டில் பெரிய சண்டை நடக்கும். ஒரு சிற்றிதழில் என் கதை வந்தபோது அம்மா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தா. "இதில எது உன்ர பேர்?" என்று கேட்டா. காட்டினேன். வீட்டுக்குள் எழுதத் தெரிந்த ஒருவன் இருக்கவேண்டும் என்பதற்காகவே என்னை வளர்த்தார்கள் என்று சில வேளை எனக்குத் தோன்றும். அந்த ஒருவனுக்கு இப்போது வேலை வந்திருந்தது.

ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் வீடு நாலாம் மாடியில். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். குசினி மேசையில் உட்கார்ந்து பேனையைத் திறந்தேன். முதல் வசனம் தானாகவே வந்தது: யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட. அடுத்ததும் வந்தது: அன்பும் பண்பும் ஒருங்கே அமையப்பெற்ற. அதற்கடுத்ததும்: வந்தாரை இன்முகத்தோடு வரவேற்று. கை நிற்கவில்லை. ஷோகேஸில் இருந்த அத்தனை புத்தகங்களும் எனக்குள் குந்தியிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். அரைப் பக்கத்தில் நிறுத்தி வாசித்துப் பார்த்தேன். யாருடைய அம்மாவும் அதற்குள் வசதியாக இருந்துவிடலாம். எங்கள் அம்மா இல்லை.

கிழித்தேன். அந்த வசனங்களைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவை நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் பயம் பிடித்தது. ஒன்றும் வரவில்லை. முகம்கூட வரவில்லை, முன்பக்கத்துக்கென்று தங்கச்சி எடுத்துவைத்த படம்தான் வந்தது. என்னைப் பெற்று வளர்த்த மனுசியைப் பற்றி எனக்கென்று ஒரு வசனம் இல்லை.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்பார்.

"எழுதியாச்சோ?"

"இன்னும் இல்லை அப்பா."

"ஒரு ரெண்டு பக்கம்தானே?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்கு உண்மையாகவே தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

மோர்டென்ஸ்ருட்டிலிருந்து மாமா போன் எடுத்தார். சொந்தக்காரர் இல்லை, எல்லோருக்கும் அவர் மாமாதான். ஒஸ்லோவில் யார் செத்தாலும் அவர்தான் தன் கொம்பியூட்டரில் நினைவுமலரை வடிவமைத்து அச்சுக்குக் கொடுப்பார். அதை ஒரு தொண்டாகச் செய்துவந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். வரலாறு என்ன மாதிரி?"

"வருகுதில்லை மாமா."

"என்ன வருகுதில்லை? பிள்ளைப்பேறே பாத்துக்கொண்டிருக்கிறாய்?" சிரித்தார். "இஞ்சை பார், என்னட்டை ஒண்டு கிடக்கு. போன வருசம் ஒரு அம்மாவுக்கு அடிச்சது. நல்ல வடிவான வரலாறு. ஊர், பேர், பிள்ளையள் - இவ்வளவையும் மாத்தினாக் காணும்."

"வேண்டாம் மாமா. நானே எழுதுறன்."

"ஓ, எழுத்தாளர் கோவிக்கிறார்," என்று சொல்லிவிட்டு, "வெள்ளிக்கிழமை, தம்பி. மறந்திடாதை," என்றார்.

வேறு காலமென்றால் நான் கோயிலுக்குப் போய் ஒரு தூணோடு சாய்ந்து இருந்துவிட்டு வருவேன். இப்போது துடக்கு. செத்த வீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயில் வாசலையும் மிதிக்கக்கூடாது. கூட்டிலடைத்தது போல வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துத் தங்கச்சி சொன்னாள். அவள் இங்கே பிறந்தவள், கொலிஜ் வயது; நூலகம், தியானம், இலவசம் எல்லாம் அவளுக்கு நோர்வேஜியச் சொல்லில்தான் வரும்.

"அண்ணா, பிப்லியோதேக்கில ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. மெடித்தசூனாம். கிராத்திஸ். போய் இருந்திட்டு வாவன்."

"அது புத்த சமயக்காரரின்ட."

"அதுக்கென்ன? நிலத்தில இருக்க ஏலாதவைக்குக் கதிரையும் குடுப்பினமாம்."

போனேன். நகரத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் கீழ்த்தட்டு அறை. வாசலில் பனி உருகின சப்பாத்துகள். உள்ளே கம்பளிக் காலுறைகளோடு பத்துப் பன்னிரண்டு நோர்வேஜியர்கள். ஜன்னல் திட்டில், ஹீட்டருக்கு மேலே, மரத்தால் செய்த சின்னப் புத்தர். அவரைக் கண்டதும் கால் வாசலில் நின்றுவிட்டது. யாருடைய சாமியாக இருந்தாலும் சாமிதானே. மணியோடு இருந்த நரைமுடிக்காரியிடம், சொல்லாமல் உள்ளே வருவது சரியில்லை என்று நினைத்து, நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

"நான் இப்போது சுத்தமில்லாமல் இருக்கிறேன்."

அவர் என் காலைப் பார்த்தார். "குளியலறை அந்தப் பக்கம்."

"அதில்லை. எங்கள் வீட்டில் செத்தவீடு. அம்மா."

கையிலிருந்த மணியைக் கீழே வைத்தார். பிறகு, "உள்ளே வா. கதவைச் சாத்திவிட்டு வா, குளிர் வருகிறது," என்றார்.

அவர் சொல்லித் தந்தது மிகக் கொஞ்சம். மூச்சு உள்ளே போகும், வெளியே வரும், அதைப் பார். மனம் எங்காவது போகும். போய்விட்டது என்று தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்பி வா. உன்னைத் திட்டாதே. அவ்வளவுதான். மணியை அடித்தார்.

முதல் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒரு விசயம் விளங்கியது. என் மனம் போகிற பாதை எனக்குத் தெரிந்த பாதை. மூச்சில் நிற்கச் சொன்னால் அது ஓடிப்போய் ஏற்கெனவே செய்துவைத்த ஒரு எண்ணத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. குசினி மேசையிலும் இதுதானே நடந்தது? அம்மாவைப் பார் என்றால் பேனை ஓடிப்போய் ஏற்கெனவே செய்துவைத்த வசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுதுகிறவன் ஒரு வரியை வெட்டுவதும், தியானத்தில் இருக்கிறவன் மூச்சுக்குத் திரும்புவதும் ஒரே அசைவு. வித்தியாசம், நான் வெட்டும்போது என்னைத் திட்டிக்கொண்டு வெட்டுகிறேன். இதைக் கண்டதும் உள்ளே ஒரு சந்தோசம் வந்தது. இனி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஏறி உட்கார்ந்திருந்ததையும் கண்டு, திரும்ப மூச்சுக்கு வந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த மூச்சு என்னுடையதாக இருக்கவில்லை.

அம்மாவுக்கு நுரையீரல் சரியில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி போட்டிருந்தார்கள். அதற்குள்ளே நீளமாக ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லாத ஒரு இடம். பிறகு திரும்ப இழுப்பு. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் நானும் தங்கச்சியும் எங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்போம். சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் அதே இழுப்பு என் காதுக்குள் கேட்டது. என் கால்கள் எழும்பப் பார்த்தன. ஓடித் தப்புவதற்கு இல்லை. எதையோ செய்யப் போவதற்கு எழும்புவது போல. என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் தொடையை அமத்திப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை இருந்தேன். பக்கத்தில் ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

தியானம் அமைதி தரும் என்கிறவர்களுக்கு நல்ல மூச்சு வாய்த்திருக்கவேண்டும்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கை போட்டு வாறாய்?"

நான் சொல்வதற்குள் தங்கச்சி சொல்லிவிட்டாள். "அண்ணா மெடித்தசூனுக்குப் போனவர். புத்தர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது."

அப்பா குழைத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "எந்தப் புத்தர்?"

"எந்தப் புத்தரோ? புத்தர் ஒராள்தானே அப்பா."

"எங்கட சந்தியில, ஆமியின்ர சென்றிக்குப் பக்கத்தில, அரசமரத்துக்குக் கீழ ஒராளைக் கொண்டுவந்து இருத்தினாங்கள். சைக்கிளால இறங்கி உருட்டிக்கொண்டுதான் அவரைத் தாண்டவேணும். அவரோ?"

"அவர் இல்லை அப்பா," என்றேன். "இது மரத்தில செய்த சின்ன ஒண்டு. ஜன்னலில இருக்கு."

"தான் வேற ஆள் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை.

"எங்கட கோயிலுக்குப் போகேலாத துடக்கோட அங்கை மட்டும் போகலாமோ? செத்த வீட்டுக்காரன் எண்டு சொன்னியோ?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவை?"

"கதவைச் சாத்திப்போட்டு வரச் சொன்னவை."

அப்பா சோற்றை விரலால் ஒதுக்கினார். அந்த வருசம் சண்டையால் ஊருக்குப் பாதை பூட்டியிருந்தது. அம்மாவின் சகோதரங்களுக்குச் செய்தி சொல்லவே பெரும்பாடு பட்டிருந்தோம். அந்தச் சந்தியும் அந்த அரசமரமும் அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கவேண்டும். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அங்கை போய் இருந்தா எழுத வருமோ?"

"தெரியாது அப்பா."

"அப்ப போ," என்றார். "போய் இரு. ஆனா எழுது."

அவர் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் இன்னொரு முறை போனேன். மூச்சைப் பார்க்கச் சொன்னார்கள், அம்மாவின் இழுப்பு வந்தது, கால் எழும்பியது, அமத்திப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து மேசையில் இருந்தேன், அன்பும் பண்பும் வந்தது, வெட்டினேன். இரண்டு இடத்திலும் நான் செய்த வேலை ஒன்றுதான்: வந்ததைத் தள்ளியது. வெள்ளிக்கிழமை காலை மாமாவுக்கு நானே போன் எடுத்தேன்.

"மாமா, நீங்கள் அதையே போடுங்கோ."

நக்கலடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "சரி ராசா," என்றார். "தாயைப் பற்றி எழுதுறது லேசில்லை. ஊரைச் சொல்லு. எத்தினை பிள்ளையள் எண்டு சொல்லு." சொன்னேன். "பாக்க அனுப்பட்டோ?" "வேண்டாம்," என்றேன். பார்க்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் மோர்டென்ஸ்ருட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. படையல் முடிந்து, சாப்பாட்டுக்கு முதல் மாமா மைக்கைப் பிடித்து வரலாற்றை வாசித்தார். அவருக்கு நல்ல குரல். பிறப்பிடமும் வதிவிடமும் சரியாக இருந்தன. பிள்ளைகள் சரி. பிறகு அவர் வாசித்தார்: "இனிய குரலில் தேவாரம் பாடிக் கேட்போர் உள்ளங்களை உருக்கிய அன்னார்…"

அது மற்ற அம்மாவுடையது. மாற்ற மறந்துவிட்டார்.

தங்கச்சி என் பக்கம் சாய்ந்தாள். "அண்ணா, அம்மா பாடுறவவோ? ஊரிலயோ?"

நான் வாய் திறப்பதற்குள் பின் கதிரையில் இருந்த அன்ரி ஒருவர் அவளின் தோளைத் தொட்டார். "ஓம் பிள்ளை. கொம்மாக்கு நல்ல குரல். நான் ஒருக்காக் கோயிலில கேட்டனான்."

அவர் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. தாயில்லாத பிள்ளைக்கு எதையாவது கொடுக்கவேண்டும் என்று நினைத்திருப்பார். சாப்பாட்டு வரிசையில் இன்னொருவர் சொன்னார். பந்தி மாறும்போது மூன்றாவது ஆள், அம்மா எந்தத் தேவாரத்தை விரும்பிப் பாடுவா என்றும் சொன்னார். பாயசம் வரும்போது அம்மா ஒரு பாடகியாகிவிட்டிருந்தா. கதிரைகளில் கிடந்த புத்தகங்களின் முன்பக்கப் படத்திலிருந்து வாயை இறுக்க மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தா.

திரும்பி வரும்போது பானாவில் கூட்டமில்லை. நிலத்துக்குக் கீழால் ஓடுகிற ரயிலின் கறுத்த கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. மிஞ்சின புத்தகங்கள் ஒரு பையில் அவர் மடியில் இருந்தன.

"தம்பி," என்றார். "அவ பாடினவவோ?"

"இல்லை அப்பா. அது வேற ஆளின்ட. மாமா மாத்த மறந்திட்டார்."

"இவ்வளவு சனம் சொல்லுது."

"புத்தகத்தில கிடக்கு எண்டு சொல்லுதுகள்."

அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "குசினியில நிக்கேக்க ஒரு சத்தம் வரும். மெல்லமா. நான் ஹோலில இருந்து கேக்கிறனான். அது பாட்டோ?"

 அத்தனை வருசம் பக்கத்தில் படுத்து எழும்பிய மனுசன். அச்சடித்த ஒரு வரி அவரையும் அசைத்துவிட்டது. எழுத்தென்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை.

"அது பாட்டில்லை அப்பா," என்றேன். "அது இழுப்பு."

அவர் புருசெத் வரும்வரை பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தங்கச்சி தன் அறையிலிருந்து சிநேகிதியோடு போனில் கதைப்பது கேட்டது. நோர்வேஜிய மொழியில், மிகவும் பெருமையாக, அம்மா ஊரில் கோயில்களில் பாடினவ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தட்டப் போய், தட்டாமல் நின்றேன். என்னவென்று சொல்வது? உன்னிடமிருந்து அதை எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்குத் தர என்னிடம் ஒன்றுமில்லை என்றா? இன்னும் ஒரு வருசம் போனால் எனக்கும் அம்மா பாடுவது கேட்கும். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அம்மா இரண்டாம் முறை செத்துக்கொண்டிருந்தா, இந்த முறை என் கைக்கு எட்டும் தூரத்தில்.

குசினிக்குப் போய் மேசையில் இருந்தேன். கண்ணை மூடவில்லை. மூச்சைப் பார்த்தேன். இழுப்பு வந்தது. என் கால்கள் எழும்பின. இந்த முறை அமத்திப் பிடிக்கவில்லை. எழும்பட்டும் என்று விட்டேன்.

எழும்பின கால்கள் தேத்தண்ணிக் கேத்திலுக்குப் போயின.

அம்மா வேலை முடிந்து வரும்போது நாலாம் மாடிக்கு ஒரே தரத்தில் ஏறமாட்டா. இரண்டாம் மாடியில் நிற்பா. கைப்பிடிக் கம்பியில் பையைக் கொழுவிவிட்டு நிற்பா. அந்த இழுப்பைப் படிக்கட்டு அப்படியே மேலே தூக்கித் தரும். குசினியில் படித்துக்கொண்டிருக்கிற நான் அதைக் கேட்டதும் எழும்பிக் கேத்திலைப் போடுவேன். இழுப்புத் தணிந்து, திரும்பக் காலடி கேட்கும்போது தண்ணி கொதித்துவிடும். கதவைத் திறப்பேன். அம்மா ஒரு நாளும் மணி அடித்ததில்லை. நான் படித்த எல்லா வருசமும் இது நடந்தது. இதைப் பற்றி நாங்கள் ஒரு சொல் கதைத்ததில்லை. ஆஸ்பத்திரியில் அந்த முகமூடிக்குள்ளே இழுத்தபோதும் என் கால் எழும்பியிருக்கிறது. அங்கே போட ஒரு கேத்தில் இருக்கவில்லை.

கேத்தில் கொதிக்கிற சத்தத்தில் நின்றுகொண்டே இதை எழுதினேன். ஒன்பது பத்து வரிதான் வந்தது. ஒரு வரியில் 'தாயன்பு' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. திட்டாமல் அதை வெட்டிவிட்டு, படிக்கட்டுக்குத் திரும்பினேன். அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. ஒரு மனுசிக்கு இது எந்த மூலைக்குக் காணும்?

பின்னேரம் அப்பா வந்து சப்பாத்தைக் கழற்றினார். எதையும் கேட்கவில்லை, கேட்க இனி என்ன இருக்கிறது? நான்தான் சொன்னேன்.

"அப்பா, கொஞ்சம் எழுதினனான்."

"புத்தகம்தான் அடிச்சு முடிஞ்சுதே."

"ஓம்."

மேசையில் இருந்தார். தேத்தண்ணியை வைத்தேன். "வாசி," என்றார்.

வாசித்தேன். இரண்டாம் மாடி வந்த இடத்தில் அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். முடிந்த பிறகும் நான் இன்னும் வாசிப்பேன் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுந்தானோ?"

"இவ்வளவுதான் வந்தது."

"மாமா அடிச்சதில ரெண்டு பக்கம் கிடக்கு."

"ஓம் அப்பா."

தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்தார். தங்கச்சியின் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"இதில அவ பாடேல்லை எண்டு இல்லையே," என்றார். "அதை முதல் எழுது. எழுதாட்டில் நானும் மறந்துபோவன்."

வரிகளுக்கு மேலே இடமிருந்தது. அதில் எழுதினேன்.

"என்ன எழுதினனி? வாசி."

"அம்மா பாடியதில்லை."

"இன்னொருக்கா," என்றார்.